அகற்றியும் அகலாதது

சென்ற மாதம் எனது மடிக்கணினியிலிருந்து மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள வழங்கியை அகற்றினேன். காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது: அதன் ரூட் கணக்கின் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினால் புதிய கடவுச்சொல் கொடுக்கலாம் என எண்ணினேன். திறப்பைத் தொலைத்தவன் கதவையே மாற்றுவதில்லையா?

மீண்டும் நிறுவியபோது, மைஎஸ்கியூஎல்80 என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு சேவை உண்டென்று அது மறுத்தது. நிரல் போய்விட்டது, விண்டோஸின் சேவைப் பட்டியலில் பெயர் மட்டும் கிடந்தது, இறந்தவர் பெயர் வாக்காளர் இடாப்பில் கிடப்பதைப் போல. நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘எஸ்சி டிலீட்’ என்ற கட்டளையுடன் அப்பெயரைத் தட்டச்சிட்டதும் அது ஒழிந்தது. அடுத்து வந்ததுதான் வில்லங்கம். பழைய தரவு இருப்பதாகக் கூறிப் பழைய கடவுச்சொல்லையே கேட்டது. மறுபடி அகற்றினேன், நிறுவினேன். மூன்று தடவையும் அதே கேள்வி.

இதனை முன்னர் நிறுவித் தந்தவன் ரொறொன்ரோவில் இருக்கும் என் மருமகன். அவனை அழைத்தேன்.

“மாமா, பாஸ்வேர்ட் புரோகிராமுக்குள்ள இல்லை, டேட்டாவுக்குள்ள கிடக்கு. சி டிரைவில புரோகிராம்டேட்டா எண்டு ஒரு போல்டர் ஒளிச்சிருக்கும், பாருங்கோ” என்றான்.

மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்ததும் அது வெளிப்பட்டது. சினத்துடன் உள்ளிருந்த அனைத்தையும் தெரிவுசெய்து அழிப்பு விசையில் விரலை வைத்தேன். அப்போதுதான் ஓர் உட்கோப்புறையின் பெயர் கண்ணில் பட்டது: ‘பத்திகள்’.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறியபோது கைவிட்டவை போக, மிஞ்சிய பத்திரிகை நறுக்குகளைப் பார்த்து நான்கு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து சேர்த்தவை அவை. கறையான் அரித்த நறுக்குகளை அதன்பின் எறிந்துவிட்டேன். வேறு பிரதி இல்லை.

விரலை எடுத்தேன். நிரலை நீக்கும்போது தரவை விட்டுவைப்பது அதனை ஆக்கியோர் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. நான் மூன்று தடவையும் வைதது அதைத்தான்.

வழங்கி ஓடவில்லை என்பதை உறுதிசெய்து, தரவுக் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டில் பிரதி செய்தேன். ‘பத்திகள்’ கோப்புறையை மட்டும் எடுத்தால் போதாது. அட்டவணைகளின் விபரம் வெளியேயுள்ள வேறு கோப்புகளில் இருக்கிறது. பின்னர் கடவுச்சொல்லை மாற்றும் ஒற்றை வரிக் கட்டளையை ஓர் உரைக்கோப்பில் எழுதி, வழங்கி தொடங்கும்போது அதனைப் படிக்கச் செய்தேன். கடவுச்சொல் மாறியது. உரைக்கோப்பை உடனே அழித்தேன். புதிய கடவுச்சொல் அதில் வெட்டவெளியாகக் கிடந்தது.

இதை முதல் நாளே செய்திருந்தால் எதையும் அகற்றியிருக்கத் தேவையில்லை என்றான் மருமகன். அன்றிரவே பத்திகளை அச்சிடத் தொடங்கினேன். மை தீர்ந்தபோது 2004 வரை வந்திருந்தது.