உம் கொட்டிய காலம்

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகம் குளத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. விடியுமுன் என்னை எழுப்புவது பாட்டியின் முணுமுணுப்புதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும், உதடு அசையும், சொல் மட்டும் வெளியே வராது. மடியில் தலை வைத்தால் மூச்சின் இழை கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் "அங்கே என்னடா முணுமுணுப்பு?" என்றால் அடி நிச்சயம். அதனால் பாட்டிக்கு யார்மேலோ தீராத கோபம் என்று நினைத்திருந்தேன். கேட்டேவிட்டேன். "கோபமா? ஜபம்டா கண்ணா," என்றாள். உரக்கச் சொன்னால் வாசிகம், உதடு மட்டும் அசைந்தால் உபாம்சு, மனசுக்குள் சொன்னால் மானசம். பாட்டியுடையது நடுவில் உள்ளது. ஜபம் என்ற வடசொல்லின் வேருக்கே முணுமுணுத்தல்தான் பொருள் என்று பின்னாளில் படித்தேன். தமிழில் முணுமுணுப்பு என்ற சொல் மனக்குறைக்கே பெரிதும் ஒதுங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்த வீட்டுச் சேச்சி ஒருநாள், "அம்மூம்ம செவியில் எந்தா மந்த்ரிச்சது?" என்று கேட்டாள். வெலவெலத்துப் போனேன். எங்கள் வீட்டில் மந்திரிப்பது என்றால் திருநீறு, கறுப்புக் கயிறு. பாட்டி எனக்கு ஏதோ செய்துவிட்டாள் என்று அன்று அவள் பக்கத்தில் படுக்கவில்லை. மலையாளத்தில் மந்திரிப்பது வெறுமே காதோடு பேசுவது என்று அம்மா சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறைஜபம், 56 நாள். ஒரு மாலை பாட்டி கோயில் குளமான பத்மதீர்த்தத்தின் கரைக்குக் கூட்டிப்போனாள். வேதியர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வேதம் சொன்னார்கள். தொலைவில் எங்களுக்குச் சொற்கள் கரைந்து, வண்டு முரல்வதுபோல ஒரே ஓசை. பாட்டியின் உதடும் தானாக அசைய ஆரம்பித்தது.

இரவில் கதை. சேச்சி வீட்டில் கதை கேட்கிறவர்கள் 'மூள' வேண்டும். எங்கள் வீட்டில் 'உம்' கொட்ட வேண்டும். இருட்டில் என் 'உம்' தேய்ந்து நின்றால், பாட்டி இரண்டு வரி கூடச் சொல்லிப் பார்ப்பாள். பதில் இல்லையென்றால் ராஜகுமாரனைக் காட்டிலேயே விட்டுவிட்டு, கட்டைவிரலைக் கணுவில் வைப்பாள்.

சில இரவுகளில் நான் தூங்கியிருக்க மாட்டேன்.