அரிதானதெல்லாம் விலை போகுமா?

பறக்கையில் ஒரு வீட்டு மச்சில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருந்தது. மாமா இறந்து ஒரு வருடம் கழித்துத்தான் அதை இறக்கினார்கள். திறந்தால் உள்ளே முழுக்க காமிக்ஸ். முத்து, லயன், திகில், ராணி... கூடவே மாமா கையால் எழுதிய ஒரு பழைய நோட்டு.

"செல்லு அரிக்கதுக்கு முன்னால பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிரு" என்றாள் அம்மா.

நாகர்கோவிலில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு மனம் வரவில்லை. செமஸ்டர் கட்டணம் கட்டப் பத்து நாள்தான் பாக்கி. பழைய காமிக்ஸுக்கு நல்ல விலை உண்டு என்று அவன் கேள்விப்பட்டிருந்தான்.

அவன் பெரிதும் நம்பியது ஒரே ஒரு புத்தகத்தை. அட்டையில் சிவப்பு மை விழவே இல்லை. ஹீரோவின் முகம் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. உள்ளே ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், தலைகீழாக பைண்ட் ஆகியிருந்தது. இப்படி இன்னொரு பிரதி உலகத்திலேயே இருக்காது, அப்படியென்றால் இதற்குத்தானே அதிக விலை? பையில் போட்டுக்கொண்டு வடசேரியில் காமிக்ஸ் சேகரிக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனான்.

அவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்கு வேண்டாம் மக்கா."

"அண்ணாச்சி, உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்."

"இருக்கட்டும். அதைத் தேடுகதுக்கும் ஒருத்தன் வேணும்லா?"

விஷயம் மொத்தமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

பழையது என்பதால் மட்டும் எதற்கும் விலை வந்துவிடாது. நாஞ்சில் நாட்டில் பல வீடுகளில் பாட்டியின் பெட்டியில் திருவிதாங்கூர் செப்புச் சக்கரம் கிடக்கும். ஒரு காலத்தில் 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பழைய காசுதான், ஆனால் ஏராளமாக அடித்ததால் இன்றும் சுலபமாகக் கிடைக்கிறது. அதை வைத்து யாரும் பணக்காரர் ஆனதில்லை.

சரி, குறைவாக இருந்தால் போதுமா? அதுவும் போதாது. அமெரிக்காவில் 1977ல் மார்வெல் நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' முதல் இதழை 30 சென்ட்டுக்கு விற்றது. விலையை ஏற்றினால் வாசகர்கள் வாங்குவார்களா என்று சோதித்துப் பார்க்க, சில ஊர்களுக்கு மட்டும் 35 சென்ட் என்று அச்சிட்டு அனுப்பியது. கதை ஒன்று, படம் ஒன்று, விலை மட்டும் வேறு. இன்று அந்த 35 சென்ட் பிரதி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. அதே மாதங்களில் மார்வெலின் வேறு பல இதழ்களும் இதே சோதனைக்காக 35 சென்ட்டில் வந்தன. அவையும் அரிதுதான். ஆனால் அவற்றுக்கு அந்த விலை இல்லை. காரணம், ஸ்டார் வார்ஸைத் தேடும் கூட்டம் அவற்றைத் தேடவில்லை. ஸ்டார் வார்ஸ் முதல் இதழுக்கே 35 சென்ட் போட்ட மறுபதிப்பும் உண்டு. அதற்கும் அந்த விலை கிடையாது.

வேண்டுமென்றே உண்டாக்கும் அபூர்வத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1991ல் 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு வந்தது. பின்னால் விலை ஏறும் என்று நம்பிப் பலர் ஐந்தையும் வாங்கி உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அச்சானது ஏறக்குறைய 80 லட்சம் பிரதி! எல்லோரும் பத்திரப்படுத்தியதை யார் யாரிடம் வாங்குவது?

நம் ஊரில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1972ல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியபோது யாரும் பத்திரப்படுத்த வாங்கவில்லை, படிக்க வாங்கினார்கள். கை மாறியது, அட்டை கிழிந்தது, பொட்டலம் மடிக்கப் போனது. குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழை வேறு. பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். அதனால் மிஞ்சியது குறைவு. ஆனால் அன்று படித்த பையன்கள் மாயாவியை மறக்கவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், கையில் காசு வந்ததும் தேட ஆரம்பித்தார்கள். பிற்காலத்தில் மறுபதிப்புகள் வந்தன. கதை மட்டும் போதும் என்றவர்கள் அதோடு நின்றார்கள். பழைய பதிப்பே வேண்டும் என்றவர்கள் நிற்கவில்லை.

வடசேரிப் பெரியவர் தன் நோட்டைக் காட்டினார். இதழ்களின் எண்கள் வரிசையாக இருந்தன. கிடைத்ததற்கு டிக், கிடைக்காததற்குக் காலி இடம்.

"விலையெல்லாம் இந்தக் காலி இடத்துக்குத்தான் பாத்துக்கோ. உனக்க தலைகீழ்ப் புத்தகத்துக்கு இதுல எங்க இடம்?"

அச்சுப் பிழைக்கு ஒருபோதும் விலை கிடைக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த 35 சென்ட் பிரதிகளையே சேகரிப்பாளர்கள் பல வருடம் கழித்துத்தான் கவனித்துப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் ஒரு வரி விழுந்த பிறகுதான் "என்னிடம் அது இல்லையே" என்ற ஏக்கம் வரும். ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்றால் அந்த வரியை எழுதக்கூட ஆள் இருக்காது.

மறுநாள் அவன் மாமாவின் பெட்டியிலிருந்து இன்னும் சில புத்தகங்களைக் கொண்டுபோனான். பெரியவரின் நோட்டில் காலியாக இருந்த ஒரு எண், எழுபதுகளின் முத்து காமிக்ஸ், அதில் இருந்தது. அட்டையில் மாமா பேனாவால் பெயர் எழுதியிருந்ததால் விலை கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் கிடைத்த பணம் கட்டணத்தில் பாதிக்கு மேல் வந்தது. மீதியை அம்மா புரட்டினாள்.

இரவு அவன் மாமாவின் நோட்டை எடுத்துப் பார்த்தான். அதிலும் அதே மாதிரி எண்கள், டிக்குகள். விற்ற புத்தகத்தின் எண்ணுக்கு நேரே மாமா அழுத்தமாக ஒரு டிக் போட்டிருந்தார், பக்கத்தில் வாங்கிய தேதியும் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

அந்தப் புத்தகத்தைத் தேடுகிறவர்களில் ஒருவர் கூடிவிட்டார்.