மூலையில் இருக்கும் விசை

எழுத வாசிக்கத் தெரிந்த பெண்களும் ஒரு மனுவை அடிப்பிக்கக் கடைக்குத்தான் போகிறோம். காணியோ, பிறப்புச் சான்றிதழோ, காணாமற்போனவரைப் பற்றியதோ, கொமினிகேசனில் இருக்கும் ஒரு தம்பிக்கு நம் வீட்டுக் கதையை வாசித்துக் காட்டியே ஆகவேண்டும். என் பெரியம்மாவின் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு நமுனுகுலவை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அவர் மகள், என் அக்கா, 2009இல் மகனைத் தொலைத்தவர். “ஒவ்வொரு தடவையும் அந்தப் பொடியனுக்கு முன்னால அழ வேண்டியிருக்கு தங்கச்சி” என்பார். போன வருடம் இங்கு வந்து தங்கியபோது, என் பழைய மடிக்கணினியில் பாமினி எழுத்தில் தானே அடிக்கப் பழகினார்.

ஒருநாள் ‘மகன்’ என்று அடித்தால் ‘ம’ வரவில்லை, 2 வந்தது. ‘த’ 1 ஆனது, ‘ட’ 3 ஆனது, ‘ர’ 4 ஆனது. பதுளையில் ஒரு கடையில் கீபோட்டையே மாற்றவேண்டும் என்றார்கள். எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இடது கீழ்மூலையில், கொன்ட்ரோல் விசைக்குப் பக்கத்தில், ‘எப்என்’ என்றொரு விசை இருக்கிறது. தனியே தட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு எழுத்தை அடிக்கிறோமே, கொம்பு மட்டும் நின்றால் சத்தம் உண்டா? அந்த மாதிரிதான். ஆனால் இதை அமத்திப் பிடித்துக்கொண்டே மற்ற விசையைத் தட்டவேண்டும்.

சிறிய பழைய கணினிகளில் இலக்கங்களுக்குத் தனி இடமில்லை. அதனால் வலக்கைப் பக்க எழுத்து விசைகளிலேயே வேறு நிறத்தில் சிறிதாக இலக்கம் போட்டிருப்பார்கள். நம்லொக் விழுந்தால் அந்த விசைகள் இலக்கத்தையே தரும். பாமினியின் த, ம, ட, ர நான்கும் அங்கேதான் இருக்கின்றன. எப்என்னைப் பிடித்தபடி நம்லொக்கை ஒருமுறை தட்டினோம், ‘ம’ திரும்பி வந்தது.

மேல் வரிசையில் உள்ள படங்களும் இந்த விசைக்குரியவைதான். ஒலிபெருக்கி என்றால் சத்தம், சூரியன் என்றால் திரை வெளிச்சம். 2022 மின்வெட்டு நாட்களில் வெளிச்சத்தைக் குறைத்தே பற்றரியை இழுத்துப்பிடித்தேன். புதிய கணினிகள் சிலவற்றில் எப்என் இல்லாமலே படத்தின் வேலை நடக்கும். அவற்றில் எப்5, எப்7 வேண்டுமானால்தான் எப்என்னைப் பிடிக்கவேண்டும். வீட்டுக்கு ஒரு பழக்கம்!

கணினியை அக்காவிடமே கொடுத்தனுப்பினேன். பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு சூரியனைக் குறைத்து வைத்துக்கொண்டு அடிக்கிறாராம். 2018இல் வேலை தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான கடிதம் மூன்று பக்கமாகிவிட்டது. கடைக்குப் பென்ட்ரைவ் மட்டும்தான் போகிறது.