ஒரே ஒரு வெடி

சுட்ட கையோடு அடுத்ததைச் சுட முடியாவிட்டால் அது என்ன துப்பாக்கி என்று நினைத்த வயது எனக்கும் இருந்தது. பென்சில்வேனியாவுக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நெட்டைத் துப்பாக்கியோடு காட்டுக்குக் கிளம்புவார். 'மியூசியத்தில் இருக்க வேண்டியது ஆயிற்றே' என்று கேலி செய்வேன். மனுஷர் கோபிக்கவில்லை. அடுத்த அக்டோபரில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

1700களில் லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய வகை அது. செய்தது பென்சில்வேனியா, பெயரைத் தட்டிக்கொண்டு போனது கென்டக்கி. இந்த மாநிலத்தில் 1974 முதல் இதற்கென்று தனி வேட்டைக் காலமே உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த குளிரில், சிக்கிமுக்கிக் கல் பூட்டிய துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி. எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால், அக்டோபர் நடுவில், கொம்பில்லாத மான்களுக்காக விடும் ஒரு வாரம்தான். இலை பழுக்கும் பருவம். மேப்பிள் சிவந்து, ஹிக்கரி மஞ்சளாகிக் கொட்டும். ஓக் மட்டும் அவசரப்படாது.

கெட்டிப்பதை அந்தப் பெரியவரிடம்தான் கற்றேன். மருந்துக் கொம்பிலிருந்து 70 கிரெயின் கருமருந்து. கிராமில் சொன்னால் நாலரை. அதை அளந்து குழலின் வாயில் கொட்ட வேண்டும். எண்ணெய் தடவிய துணித்துண்டை வாயில் விரித்து, அதன்மேல் அரை அங்குல ஈய உருண்டையை வைத்து, கோலால் அடிவரை இடிக்க வேண்டும். பிறகு பக்கத்துக் கிண்ணியில் ஒரு சிட்டிகை நைஸ் மருந்து. விசையை இழுத்ததும் கல்லைப் பிடித்திருக்கும் 'குதிரை' விழுந்தால் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும், கிண்ணி பற்றும், சின்னத் துளை வழியே நெருப்பு உள்ளே போகும். எனக்கு இரண்டு நிமிஷம் ஆகும் இந்த வேலைக்கு. அதற்குள் மான் மாவட்டம் தாண்டிவிடும். ஆகவே இருப்பது ஒரே வெடி. அதுவும் மான் ஐம்பது அறுபது கஜத்துக்குள் வந்தால்தான்.

வருகிறவரை உட்கார்ந்திருப்பதுதான் நம் வேலை. வெள்ளை ஓக் மரத்தடியில் முதுகைச் சாய்த்தால் கொட்டைகள் பொத் பொத்தென்று விழுந்துகொண்டிருக்கும். மானுக்கு அந்தக் கொட்டை என்றால் உயிர். முதல் வருஷம், சருகு சரசரத்தால் போதும், நான் துப்பாக்கியைத் தூக்கிவிடுவேன். எல்லாம் அணில். உள்ளங்கை அளவு பிராணி, யானை நடந்த மாதிரி சத்தம்! மானோ சத்தமில்லாமல் வந்து நிற்கும். இதெல்லாம் பிடிபட்டபோது, ஆபீஸில் விட்டுவந்த சண்டையும் வீட்டுக் கடனும் எப்போது தலையை விட்டு இறங்கின என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையைவிட அந்த ஓக் மரம் நன்றாக வேலை செய்தது.

தூறல் விட்ட ஒரு காலையில் பெட்டைமான் ஒன்று நாற்பது கஜத்தில் வந்து நின்றது. விசையை இழுத்தேன். கிண்ணி மட்டும் 'புஸ்'ஸென்று பற்றி அணைந்தது. ஈரம். உள்ளே கனன்றுகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம் என்பதால் ஒரு நிமிஷம் குழலைத் திருப்பாமல் அப்படியே பிடித்திருக்க வேண்டும். மானும் அந்த ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தது. காதை ஒருமுறை ஆட்டிவிட்டு நிதானமாக நடந்து போனது. பக்கத்து மரத்தடியிலிருந்த பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்புறம் குடுவையிலிருந்த காப்பியில் பாதியை எனக்கு ஊற்றினார்.

மான் கிடைத்த வருஷங்களும் உண்டு. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சுட்ட துப்பாக்கியை அன்றைக்கே கழுவ வேண்டும். கருமருந்துக் கரி காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருப்பிடிக்க வைத்துவிடும். சோப்பு போட்ட சுடுநீர்தான் அதற்கு மருந்து. கழுவினால் அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்க. மான்கறியை மிளகு போட்டு வறுக்க என் வீட்டுக்காரிக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் இந்தக் குழல் கழுவும் வேலையை மட்டும் கராஜ் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.