கைலிக்குள் ஒரு கண்ணாடி பாட்டில்

விமானத்தில் போற பெட்டிக்குள்ள ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலை உடையாம வெச்சு அனுப்புறது எப்படி? இந்தக் கேள்வி செமஸ்டர் பேப்பர்ல வராது மக்களே. ஆனா உங்க சொந்தத்துல யாராவது ஒருத்தர் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாங்க. கொஞ்ச வருஷத்துல நீங்களே போகலாம். அன்னைக்கு யாராவது ஒருத்தர் போன் பண்ணி "வரும்போது அது ஒண்ணு வாங்கிட்டு வா"ன்னு சொல்லுவாங்க. அதனால இப்பவே படிச்சு வெச்சுக்கோங்க.

தமிழ்நாட்டுல தொப்பம்பட்டிங்கிற பேர்ல நிறைய ஊர் இருக்கு. எங்க ஊர் திண்டுக்கல் மாவட்டம், பழனி பக்கம். தென்னை, மக்காச்சோளம், முருங்கைன்னு தோட்டத்தை நம்பி இருக்கிற ஊர். எங்க அண்ணன் சிங்கப்பூர்ல கட்டட வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கோயம்புத்தூர்ல வந்து இறங்குவாரு. டிக்கெட்டோட அவருக்குக் கிடைக்கிறது 30 கிலோ. வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே லிஸ்ட் ஆரம்பிச்சிடும். கோடாலித் தைலம், மைலோ, சோப்பு, சாக்லேட் எல்லாம் சத்தமா கேப்பாங்க. "அது" மட்டும் மெதுவா வரும். யாரும் பேர் சொல்ல மாட்டாங்க. ஒரு லிட்டர் பாட்டில் கண்ணாடியோட சேர்த்து கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ. ரெண்டு பாட்டில்னா 3 கிலோ, அதாவது அண்ணனோட பெட்டியில பத்துல ஒரு பங்கு.

மெக்கானிக்கல் படிக்கிறேன்கிற ஒரே காரணத்துக்காக, பேக்கிங் சந்தேகம் எல்லாம் என்கிட்டதான் வரும். அதுல முதல் சந்தேகம்: "மேல போனா பாட்டில் வெடிச்சிடுமாமே?"

வெடிக்காது. பயணிகள் விமானத்துல சாமான் வைக்கிற கீழ்தளத்துலயும் நாம உக்கார்ற இடத்துல இருக்கிற காற்றழுத்தமேதான். அது சுமார் 8,000 அடி உயர மலையில இருக்கிற அழுத்தத்துக்குக் கீழ போகாது. தரைமட்டத்துல இருந்து பார்த்தா, கால் பங்கு மாதிரி குறையும். சதுர சென்டிமீட்டருக்கு கால் கிலோ வித்தியாசம். ஷாம்பெயின் பாட்டில் கடையில சும்மா நிக்கும்போதே உள்ளே 5, 6 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிட்டுத்தான் நிக்குது. அதனால கண்ணாடிக்கு இந்தக் கால் பங்கு ஒரு விஷயமே இல்லை. மூடி லூசா இருந்தா கசியலாம், அவ்வளவுதான்.

உடையறது கீழ, தரையில. பெல்ட்ல ஒரு பெட்டி மேல இன்னொரு பெட்டி விழும்போது. வண்டியில இருந்து இறக்கிப் போடும்போது. இங்கே நம்ம முதல் வருஷ மெக்கானிக்ஸ் போதும். ஒன்றரை கிலோ பாட்டில் ஒரு மீட்டர் உயரத்துல இருந்து விழுதுன்னு வெச்சுக்கோங்க. அது ஒரு மில்லிமீட்டருக்குள்ள நின்னா, சராசரியா அதன் எடையைப் போல ஆயிரம் மடங்கு விசை. கிட்டத்தட்ட ஒன்றரை டன். அதே பாட்டில் 5 சென்டிமீட்டர் துணிக்குள்ள அமுங்கி நின்னா, இருபது மடங்குதான். சுமார் 30 கிலோ. ஐடியல் கணக்குதான், ஆனா விஷயம் புரியும். நிக்கறதுக்கு எவ்வளவு தூரம் குடுக்கறோம்கிறதுதான் மொத்தப் பேக்கிங்கும்.

இனி செய்முறை. கடையில வாங்கின சீலை உடைக்காதீங்க, அட்டைப்பெட்டி இருந்தா அதோடவே வைங்க. மூடியைச் சுத்தி இன்சுலேஷன் டேப் ரெண்டு சுத்து. அப்புறம் ஜிப் கவர், அதுக்கு மேல இன்னொரு கவர். கசிஞ்சாலும் துணி தப்பிக்கும். அடுத்தது கைலி, துண்டு, ஜீன்ஸ் பேன்ட். கழுத்துப் பகுதியில ஒரு சுத்து அதிகம் குடுங்க. பாட்டிலும் பாட்டிலும் தொடக்கூடாது. கண்ணாடி அமுக்கினா தாங்கும், இழுவிசைக்குத் தாங்காது. மேல விழுற சின்னக் கீறல்ல இருந்துதான் விரிசல் ஓடும். கீறல் போடறதுக்கு இன்னொரு கண்ணாடியை விட நல்ல ஆள் கிடையாது. பெட்டி நடுவுல வைங்க. ஆறு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குத் துணி இருக்கணும். மூடினதுக்கு அப்புறம் தூக்கி ஆட்டிப் பாருங்க. உள்ளே எதுவும் நகரக்கூடாது.

போன லீவுல இதை டெஸ்ட் பண்ணியே பார்த்தேன். நன்னாரி சர்பத் பாட்டில்ல தண்ணி ரொப்பி, மேல சொன்ன மாதிரி சுத்தி, பழைய பெட்டியை இடுப்பு உயரத்துல இருந்து வாசல்ல பத்து தடவை போட்டேன். ஒண்ணும் ஆகலை. அதே பாட்டிலை ஒத்தைத் துண்டுல சுத்தி பெட்டி ஓரத்துல வெச்சேன். ரெண்டாவது தடவையே போச்சு. அம்மா விளக்குமாத்தோட வந்து நின்னது தனிக்கதை.

கணக்கு முடிஞ்சது, இனி சட்டம். 24 சதவீதத்துக்கு மேல 70 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கிற பாட்டில் செக்-இன் பெட்டியில ஒருத்தருக்கு 5 லிட்டர்தான். 70க்கு மேல இருந்தா பெட்டியிலயும் கூடாது, கையிலயும் கூடாது. விமானத்துல அஞ்சு லிட்டர் விட்டாலும், இந்தியாவுக்குள்ள வரும்போது சுங்க வரி இல்லாம விடறது 2 லிட்டர். டூட்டி ஃப்ரீல வாங்கிக் கையில வெச்சிருந்து, சென்னையில இறங்கி கோவைக்கு உள்நாட்டு விமானம் மாறுறீங்கன்னா, சுங்கம் தாண்டினதும் அதைப் பெட்டிக்குள்ள மாத்தி செக்-இன் பண்ணிடுங்க. திரும்பவும் செக்யூரிட்டி இருக்கு, கையில பிரச்சினை வரலாம். இங்கிருந்து போறவங்களுக்கு: சவுதி, குவைத்துக்குள்ள மது கொண்டு போறதே குற்றம். நம்ம நாட்டுலயே பீகார்ல 2016 ஏப்ரல்ல இருந்து மதுவிலக்கு, குஜராத்லயும் அப்படித்தான். தமிழ்நாட்டுல வாங்கவும் குடிக்கவும் 21 வயசு ஆகணும். இதைப் படிக்கிற நம்மள்ல நிறைய பேருக்கு இன்னும் ஆகலை.

இன்னொண்ணு. "இது சும்மா ஒரு பார்சல், திருச்சியில தம்பி வந்து வாங்கிக்குவான்"னு ரூம்மேட் குடுப்பார். அண்ணன் வாங்க மாட்டாரு. டேக்ல இருக்கறது உங்க பேர். உள்ளே என்ன இருந்தாலும் கேள்வி உங்ககிட்டதான் வரும்.

கடைசியா, எந்தக் கணக்குக்கும் வராத ஒரு விஷயம். எங்க பெரியப்பா ரெண்டு வருஷம் முன்னாடி வயித்துக் கோளாறுன்னு ஆஸ்பத்திரியில பதினெட்டு நாள் இருந்தாரு. "இனிமே ஒரு சொட்டு கூடாது"ன்னு டாக்டர் சொன்னதை எல்லாரும் பக்கத்துல நின்னு கேட்டோம். போன தடவை அண்ணன் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி, பெரியம்மாவுக்குத் தெரியாம போன் பண்ணியிருக்காரு. "ஒண்ணே ஒண்ணு கண்ணு. வீட்ல வெச்சிருந்தா ஒரு மருவாதி. குடிக்க மாட்டேன்."

அண்ணன் என்கிட்ட கேட்டாரு. "பேக்கிங் பத்தி நீ சொல்லு, மத்ததை நான் பாத்துக்கறேன்." நான் ஒண்ணும் சொல்லலை. சின்ன வயசுல அண்ணனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினது பெரியப்பா. அவருக்கு இல்லைன்னு சொல்றது எவ்வளவு பாரம்னு எனக்குத் தெரியும்.

அண்ணன் பாட்டில் வாங்கலை. தலையில மாட்டிக்கிற சார்ஜ் லைட் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. எங்க பக்கம் த்ரீ-ஃபேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியிலதான் வரும்; பெரியப்பா ஒரு கையில டார்ச், ஒரு கையில மம்பட்டியோட தண்ணி கட்டப் போவாரு. நேர்ல போய்க் குடுத்து, "அது வேண்டாங்க பெரியப்பா. இதை வெச்சுக்கோங்க"ன்னு சொன்னாரு. பெரியப்பா வாங்கித் திண்ணையில வெச்சிட்டு உள்ளே போயிட்டாரு. அண்ணன் திரும்பிப் போற வரைக்கும் வீட்டுப் பக்கமே வரலை. ஏர்போர்ட்டுக்கு வண்டி கிளம்பும்போதும் வரலை. அண்ணன் வழி முழுக்க ஒண்ணும் பேசலை.

பாட்டிலைப் பத்திரமா கொண்டு வர்ற வழி எல்லாத்தையும் மேல சொல்லியாச்சு. யாருக்குக் கொண்டு போறீங்கன்னு மட்டும் பெட்டியை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

வர்ற தை மாசம் அண்ணன் வர்றாரு. லிஸ்ட் ஆரம்பிச்சாச்சு. போன வாரம் பெரியப்பாவே என்னைக் கூப்பிட்டு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்த லைட்டுக்கு சார்ஜர் வயர் போயிடுச்சாம். அதே மாதிரி ஒண்ணு வேணுமாம்.