கொஞ்சம் கரகரப்பு

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுவாரம் என் மகன் கோரமங்கலாவுக்குப் போய், ஒரு கல்லூரி மாணவனிடமிருந்து பழைய பெடல் ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கி வந்தான். சோப்பு டப்பா அளவில் ஒரு இரும்புப் பெட்டி. மேலே மூன்று திருகுகள், காலால் மிதிக்க ஒரு பொத்தான். எலெக்ட்ரிக் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் அதை மாட்டி, மிதித்தான். அதுவரை சுத்தமாக ஒலித்துக்கொண்டிருந்த கிதார், தொண்டை கட்டிய மனிதர் கத்துவதுபோல் உறும ஆரம்பித்தது.

உள்ளறையில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். அவருக்கு வயது 77.

"ஸ்பீக்கர் கிழிஞ்சுபோச்சா கண்ணா?"

"இல்ல தாத்தா. இதுதான் சவுண்டு. இதுக்குத்தான் காசு குடுத்தேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்தக் கரகரப்பை எடுக்கத்தானே முப்பது வருஷம் ஜனங்க எனக்குக் காசு குடுத்தாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

ஸ்ரீராமபுரத்தில் அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பத்துக்குப் பத்து இடம். மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று மரப்பெட்டி ரேடியோக்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். நான் பள்ளிக்கூடம் போன எண்பதுகளில் ஊரெல்லாம் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. ஆனாலும் பழைய வால்வு ரேடியோவை விட மனசில்லாதவர்கள் அதைத் துணியில் சுற்றிக் குழந்தையைப்போல் தூக்கி வருவார்கள். அப்பா ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். வால்வு சூடாகும்வரை ரேடியோ பேசாது. அந்த நிசப்தம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு எங்கிருந்தோ கிளம்பி வருவதுபோல் இலங்கை வானொலியின் தமிழ் மெல்ல மெல்லப் பெரிதாகும்.

கரகரப்பைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் அப்பா. ஒரே சுருதியில் உம்மென்று இரைந்தால் கண்டென்சர் காய்ந்துவிட்டது. திருகைத் திருப்பும்போது மட்டும் படபடத்தால் வால்யூம் கண்ட்ரோலில் அழுக்கு. சத்தத்தை முழுக்க ஏற்றும்போது மட்டும் குரல் தடித்தால்? "அது ரிப்பேர் இல்ல, வால்வு முக்குது. கொஞ்சம் குறைச்சு வெச்சுக் கேளுங்க" என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவிடுவார்.

அவர் மாற்றிய வால்வுகள் பலவற்றின் கண்ணாடியில் பி.இ.எல். என்று அச்சிட்டிருக்கும். ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வுகளைச் செய்ய ஆரம்பித்தது. அடுத்த வருஷமே ஜெர்மானியம் செமிகண்டக்டர்களும் வந்துவிட்டன. ஸ்ரீராமபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் செய்த பொருள் என்பதில் அப்பாவுக்கு ஒரு தனி கர்வம். ரேடியோ வால்வுகள் செய்வது அங்கே எப்போதோ நின்றுவிட்டது. மிஞ்சியவற்றை இன்று வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "எதுக்கு?" என்றார். மகன் உறுமவிட்ட அந்தச் சத்தத்துக்குத்தான்.

வால்வுக்குள் ஓர் இழை சூடேறிச் சிவக்கிறது. அந்தச் சூட்டில் எலெக்ட்ரான்கள் கிளம்பி வெற்றிடத்தைக் கடந்து எதிர்த் தகட்டுக்குப் போகின்றன. நடுவில் சல்லடைபோல் ஒரு கம்பிச் சுருள். கிதாரிலிருந்து வரும் நலிந்த சமிக்ஞை இந்தச் சல்லடையை ஆட்டிவைத்தால், பெரிய மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கும். சமிக்ஞை அளவுக்கு மீறினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் கத்தியால் சீவியதுபோல் வெட்டும். வால்வு மெல்ல வளைத்து மழுக்கும். அப்போது மூல ஸ்வரத்தோடு மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரமும், அதற்கு மேலே பஞ்சமமும் லேசாகச் சேர்ந்துகொள்கின்றன. காதுக்கு அது கனத்த குரலாகப் படுகிறது.

பொறியாளர்கள் இதை ஒழிக்கத்தான் பாடுபட்டார்கள். கிதார் வாசிப்பவர்களோ இதை விடுவதாயில்லை. 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஓர் ஒலிப்பதிவின்போது கருவி பழுதாகி, பேஸ் கிதார் கரகரவென்று பதிவானது. அந்தக் கரகரப்பு பாட்டிலேயே தங்கிவிட்டது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்க ஒரு சர்க்யூட் செய்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாக விற்பனைக்கு வந்தது. உள்ளே இருந்தவை மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஜாலஹள்ளியில் ஜெர்மானியம் வேலை ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாடிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் இந்தப் பெடலை மிதித்தார். பிறகு டிரம்பெட் போன்ற வாத்தியங்களை அந்த இடத்தில் வைக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆனால் தற்காலிகமாக வந்த கரகரப்பே நிரந்தரமாகிவிட்டது. அதே குழு 2003 ஏப்ரலில் பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கும் வந்து வாசித்துவிட்டுப் போனது.

வால்வு ஆம்ப்ளிஃபயரையே வாங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அது கனம், சூடாகும், உள்ளே சில நூறு வோல்ட் மின்சாரம் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தத்தை ஏற்றினால்தான் முக்கும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு அதைச் செய்தால் செக்யூரிட்டி வந்து நிற்பார். அதனால்தான் 9 வோல்ட்டில் ஓடும் பெடல். எழுபதுகளின் இறுதியில் வந்த ஜப்பானிய டியூப் ஸ்கிரீமரில் இரண்டு டயோடுகள் உச்சியை மழுக்கின. 1989இல் வந்த சான்ஸ்ஆம்ப், முழு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்து எழுப்பும் ஒலியையே ஒரு சிறு பெட்டியில் தர முயன்றது. இப்போது அந்த வால்வின் நடத்தையைக் கணக்காக்கிப் போட்டுக் காட்டும் டிஜிட்டல் பெடல்களும் உண்டு.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா சாப்பாட்டு மேஜையில் பெடலைத் திறந்து வைத்திருந்தார். கையில் பூதக்கண்ணாடி. பக்கத்தில் கவலையோடு என் மகன்.

"வால்வே இல்ல. ஆனா வால்வு சர்க்யூட்டு இது" என்றார். "ஒவ்வொரு வால்வு இருந்த இடத்துலயும் ஒரு எஃப்.இ.டி. வெச்சிருக்கான். வரிசைகூட அப்படியே. யாரோ உக்காந்து மொழிபெயர்த்திருக்கான்."

இருபது வருஷமாக ஆங்கிலத்திலிருந்தும் கன்னடத்திலிருந்தும் தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள் நான். அந்த வார்த்தை என்னைக் கொஞ்சம் சீண்டிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் ஒரு அம்மாவைப் பேட்டி கண்டேன். குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். பாதி கன்னடம், பாதி தமிழ், நடுவில் அழுகை, திடீரென்று ஒரு வசவு. சொன்னதையே நாலு தடவை சொன்னார். வீட்டுக்கு வந்து அதை ஒழுங்கான தமிழில் எழுதினேன். தமிழ் எம்.ஏ. படித்தவளின் தமிழ். கூறியது கூறலை எடுத்தேன். வாக்கியங்களை முடித்துவைத்தேன். வசவை 'ஆத்திரத்துடன்' என்று ஆக்கினேன். பத்திரிகை வந்ததும் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரன் படித்துக் காட்டினான். கடைசிவரை கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "நல்லா இருக்குதும்மா. ஆனா பேசுறது யாரு?"

அப்போது அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பெடலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த அம்மாவின் குரலில் ரிப்பேர் ஒன்றும் இருக்கவில்லை. வால்வு முக்கியது, அவ்வளவுதான். நான் காசு வாங்கிக்கொண்டு அதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

சின்ன வயதில் மல்லேஸ்வரத்தில் பாட்டுக் கற்றுக்கொண்டபோது டீச்சர் வீட்டில் ஒரு தம்பூரா இருந்தது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நூல் துண்டை வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். சரியான இடத்தில் நின்றதும் வெறும் தந்தி 'ங்ங்' என்று வண்டுபோல் ரீங்கரிக்கும். அந்த நூலுக்குப் பெயர் ஜீவா. நூலை எடுத்துவிட்டால் ஒலி சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உயிர் இருக்காது. எழுபதுகளின் இறுதியில் இதே பெங்களூரில் ராஜ் நாராயண் மின்னணுத் தம்பூராவைச் செய்தபோது, அந்தப் பெட்டியும் இந்த ரீங்காரத்தைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "ஜீவா வேற, இது வேற" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா அதையும் ஒருத்தர் காது வெச்சுத்தான் நகர்த்தணும்" என்றார்.

சாயங்காலம் பெடலை மூடி மாட்டினார்கள். "மெதுவா தட்டு" என்றார் அப்பா. மகன் மெதுவாகத் தட்டினான். ஒலி தெளிவாக வந்தது. "இப்ப ஓங்கி." உறுமியது. "நடுவுல?" ஓரத்தில் மட்டும் லேசாகக் கரகரத்தது. அப்பா குனிந்து ஒரு திருகைத் தொட்டார். கடையில் ஸ்டேஷன் பிடிப்பாரே, அதே இரண்டு விரல்கள். இடப்பக்கம் கொஞ்சம், மறுபடி வலப்பக்கம் ஒரு நூலளவு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தாத்தா, இன்னும் ஏத்தலாம்" என்றான் மகன்.

"வேண்டாம், கையை எடு" என்றார் அப்பா. "இப்பத்தான் வால்வு சூடாயிருக்கு."