கோரையும் குதிரைத்திறனும்

மண்ணைக் கிளறுகிற மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. பாக்குறீங்க?" என்பதுதான். 2 ஹெச்.பி.யில் தொடங்கி 5, 7, 9 என்று வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். கடைசியில் 13 ஹெச்.பி. பவர் டில்லர் தனியாக, கொழுத்த காளை மாதிரி நிற்கும். உங்கள் நிலத்தில் என்ன புல் மண்டியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கைப்பிடியை யார் பிடிக்கப் போகிறார்கள் என்றும் கேட்பதில்லை. இந்த இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகுதான் ஹெச்.பி. பேச்சுக்கே வர வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் ஊர் மீன்சுருட்டி. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சற்று முன்னால் வரும். மேற்கே ஜெயங்கொண்டம் பக்கம் போனால் செம்மண்ணும் முந்திரியும். கிழக்கே காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணத்துத் தண்ணீரும் நெல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில், வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு 30 சென்ட் கொல்லை. டெல்டாக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு மா. அம்மா அதில் 25 வருஷம் கத்தரி, வெண்டை, கொத்தவரை, மிளகாய் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். அப்பா போன பிறகு மூன்று வருஷமாக அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த மாசியில் அம்மா போன் பண்ணினாள். "கொல்லைய திருத்தணும்டி. மாடும் இல்ல, ஆளும் கெடைக்கல. ஏதாச்சும் மெஷினு பாத்துச் சொல்லு."

மூன்று வருஷம் சும்மா விட்ட நிலம் சும்மா கிடப்பதில்லை. பார்த்தீனியமும் நாயுருவியும் இடுப்பளவு நின்றன. வரப்போரம் சீமைக்கருவேலக் கன்றுகள். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற எதிரி, வெட்டினால் தீர்ந்தது. கீழே இருப்பதுதான் சங்கதி: அருகும் கோரையும். 1977இல் லெராய் ஹோம் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் உலகத்தின் மோசமான களைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் முதலிடம் நம்முடைய கோரைக்குத்தான்.

கோரையின் பலம் அதன் கிழங்கில் இருக்கிறது. மண்ணுக்குள் ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகப் போகும. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும். அறுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். கடையில் நிற்கும் பவர் டில்லரும் பவர் வீடரும் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறுபவை. 1912இல் ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ரா என்ற ஊரில், ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் அப்பாவின் பண்ணையில் செய்து பார்த்த சோதனையிலிருந்து வளர்ந்தது இந்தக் குடும்பம். ஆங்கில 'எல்' எழுத்துபோல வளைந்த கத்தி அவர் கண்டுபிடித்த வடிவம். நல்ல நிலத்தை ஒரே ஓட்டத்தில் புட்டு மாதிரி உதிர்த்துவிடும். ஆனால் கோரை மண்டிய நிலத்தில் அந்தக் கத்தியை விட்டால் சங்கிலி துண்டு துண்டாகி, கிழங்கு நிலம் முழுக்கப் பரவும். உழுத அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். ஒரு மழை பெய்து பத்து நாள் ஆனால் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

அதனால் தரிசைத் திருத்துகிற மெஷின் வேறு, தோட்டத்தை வைத்துக் காக்கிற மெஷின் வேறு. முதலாவதை வாங்கவே வேண்டாம், வாடகைக்குப் பிடித்தால் போதும். பங்குனி கடைசியில் டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டி, நெடுக்காக ஒரு சால், பதினைந்து நாள் கழித்துக் குறுக்காக ஒரு சால் ஓட்டினோம். கொத்து கிழங்கை நறுக்காது. கிளப்பி மேலே போடும். அதன்பிறகு வேலை வெயிலுடையது. சித்திரை வெயிலில் மேலே கிடக்கும் கிழங்கு சுருங்கிச் செத்துப்போகும். ஒரு பலம் புழுதி கால் பலமாக வற்றும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதை, களைக்கும் சேர்த்துச் சொன்னதாகவே நான் படிக்கிறேன். டிராக்டர் ஓட்டி வந்த அண்ணன், "ரோட்டவேட்டர் போட்டா மாவா ஆயிடும்மா" என்று இரண்டு தடவை கேட்டார். மாவாக வேண்டாம், கட்டியாகவே கிடக்கட்டும் என்றோம். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கிழங்கு பொறுக்கினாள். குளியல் பொடியில் கோரைக்கிழங்கு சேர்ப்பார்கள் என்று நான் சொன்னதற்கு, "அப்ப மெட்ராஸ்காரங்கள வந்து அள்ளிட்டுப் போவச் சொல்லு" என்றாள்.

அடுத்தது வாங்க வேண்டிய மெஷின். 13 ஹெச்.பி. டில்லர் ஏறக்குறைய 400 கிலோ. கத்தி வெட்டும் அகலம் இரண்டடி. அம்மா கத்தரிக்கு விடும் வரிசை இடைவெளி இரண்டடி, வெண்டைக்கு ஒன்றரை. அதாவது நடவுக்கு முன்னால் மட்டும்தான் அது உள்ளே போக முடியும். எங்களுக்கு வேண்டியது மாதத்துக்கு இரண்டு முறை வரிசைக்குள் நடந்து, இரண்டு அங்குல ஆழம் கீறி, முளைத்த கோரையின் தலையை அறுக்கிற ஒன்று. தலை முளைக்க முளைக்க அறுத்தால் கிழங்கின் சேமிப்பு கரைந்துகொண்டே வரும். வெளிக்கத்திகளைக் கழற்றி அகலத்தை ஓரடியாகக் குறைக்கிற வசதி அதற்கு அவசியம்.

கடைக்கு அம்மாவும் வந்தாள். "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாக்கா?" என்று கடைப் பையன் என்னிடம் கேட்டான்.

"ஓட்டப் போறது நாந்தான் தம்பி. எனக்குக் காட்டு."

அம்மாவுக்கு 58 வயது. டீசல் மெஷினின் கயிற்றை மூன்று முறை இழுத்தாள், அசையவில்லை. 5 ஹெச்.பி. பெட்ரோல் மெஷின் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. கைப்பிடியை இறக்கி, தன் இடுப்புக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: கையை விட்டால் கத்தி உடனே நிற்குமா? கொல்லையில் அவள் தனியாகத்தான் இருப்பாள். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொள்வாள், முந்தானை சிக்காது. ஆனால் ரிவர்ஸில் வரும்போது கால் தடுக்கினால்? பிடியோடு சேர்த்து அழுத்தியிருக்கும் வரைதான் கத்தி சுற்றும் என்று பையன் காட்டினான். அந்த மெஷினையே முடிவு செய்தோம்.

வாங்கியாச்சா என்றால், இல்லை. வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் விலையில் 50 சதவீதம் வரை கிடைக்கும், மற்றவர்களுக்கு 40. உச்சவரம்பு உண்டு. முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் வாங்க வேண்டும். விண்ணப்பத்துக்குச் சிட்டா வேண்டும். சிட்டாவில் அப்பா பெயர். 25 வருஷம் அந்த மண்ணில் குனிந்து எழுந்தவள் காகிதத்தில் விவசாயி இல்லை. அம்மா பெயருக்கு மட்டும் பட்டா மாற வேண்டுமென்றால் வாரிசுச் சான்றிதழோடு, நானும் தம்பியும் விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். நான் சரி என்றேன். தம்பி, "இப்ப எதுக்குக்கா அதெல்லாம், முழு விலைக்கே வாங்கிடலாம், நான் பாதி போடுறேன்" என்றான். பணம் தர அவனுக்குத் தயக்கமே இல்லை. கையெழுத்துக்குத்தான் யோசனை.

ஆடிப்பட்டம் நெருங்குகிறது, முழு விலைக்கு வாங்கிவிடலாம் என்றுதான் எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மா சம்மதிக்கவில்லை. "காசு கெடக்கு. பேரு மாறட்டும், அப்பறம் வாங்கிக்கலாம்."

அதுவரை 10 சென்ட் மட்டும். அந்த அளவுக்கு அவளுடைய களைக்கொத்தே போதும். மீதி 20 சென்ட்டில் தட்டைப்பயறு நெருக்கமாக விதைத்திருக்கிறோம். கோரைக்கு நிழல் ஆகாது, பயறு படர்ந்து மூடினால் அடங்கும். கத்தரி நாற்று நான்கு இலை விட்டிருக்கிறது. தம்பி கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டுவிட்டான். என்றைக்கு வருகிறான் என்றுதான் இன்னும் சொல்லவில்லை. அம்மா தினமும் ராத்திரி போன் போட்டு, பயறு எத்தனை இலை விட்டது என்று மட்டும் அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.